மலை வழியில் சைக்கிள் குழுவை நடத்திச் செல்வது: பொறுப்பேற்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் சைக்கிள் குழு வட மாவட்டங்களில் ஓட்டுகிறது. ஏலகிரி, ஜவ்வாது மலை, எப்போதாவது ஏற்காடு, கொல்லிமலை. பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்புவோம். பின்னால் துணைக்கு வண்டி எதுவும் வராது. ஒன்றிரண்டு வருடம் கூடவே ஓட்டிய பிறகு சிலர் வந்து, "அண்ணா, அடுத்த ரைடை நான் லீட் பண்ணட்டுமா?" என்று கேட்பார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு நான் சொல்லி வரும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் நன்றாக ஓட்டுவேன். 200 கி.மீ. ப்ரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்திருக்கிறேன். அது போதாதா?

200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிப்பது பெரிய விஷயம்தான். ஆனால் ப்ரெவேயில் உங்களுக்கு நீங்களே பொறுப்பு. குழுவை நடத்தும்போது உங்கள் கால் பலத்தால் மற்றவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. சில சமயம் அதுவே இடைஞ்சலாகிவிடும். வேகமாக ஓட்டுபவருக்கு, மேட்டில் நின்று நின்று வருபவரின் உடம்பு என்ன சொல்கிறது என்பது மறந்துபோய்விடுகிறது.

நான் பார்க்கும் தகுதி வேறு. ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று உங்களிடம், "இப்போது யார் யார் எங்கே இருக்கிறார்கள்? யாரிடம் தண்ணீர் குறைவு?" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்ல முடிய வேண்டும். அது முடிந்தால் நீங்கள் பாதி தயார்.

'ஒதுக்குப்புறமான வழி' என்று எதைச் சொல்கிறீர்கள்?

கிலோமீட்டரை வைத்துச் சொல்வதில்லை. ஒரு இடத்தில் நின்று, "இங்கே ஒருவர் விழுந்து கை ஒடிந்தால் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் எனக்கு அது ஒதுக்குப்புறம்தான், தார் ரோடாக இருந்தாலும்.

ஏலகிரி மலைப்பாதையில் நிமிடத்துக்கு ஒரு வண்டி போகும். அடிவாரத்திலிருந்து ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் கிட்டத்தான். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள் கிராமங்களுக்குள் போய்விட்டால் பல இடங்களில் போனில் சிக்னல் கோடு இருக்காது, பஸ் எப்போதாவது வரும். இரண்டும் மலைதான், ஆனால் நடத்துபவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதற்குச் சான்றிதழ் ஏதாவது வேண்டுமா?

இங்கிலாந்தில் பிரிட்டிஷ் சைக்கிளிங் என்ற அமைப்பு, மலைப்பாதைகளில் குழுவை நடத்துபவர்களுக்கென்றே பயிற்சியும் மதிப்பீடும் வைத்திருக்கிறது. நம் ஊரில் நண்பர்கள் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவதற்கு யாரும் அப்படி ஒரு காகிதத்தைக் கேட்பதில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் வாட்ஸ்அப்பில் அறிவித்துவிட்டுப் பதினைந்து பேரை மலைக்குக் கூட்டிப்போய்விட முடிகிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் கட்டாயமாக்கியிருக்கிறேன்: முதலுதவிப் பயிற்சி. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் இரண்டுமே நடத்துகின்றன. வீடியோ பார்த்துக் கற்றது கணக்கில் வராது. பொம்மையின் நெஞ்சை 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திப் பார்த்தால்தான் அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

பயிற்சி எப்படி நடக்கும்? எத்தனை நாள் ஆகும்?

நாள் கணக்கு இல்லை, ரைடு கணக்குத்தான். குறைந்தது எட்டு. அவற்றில் முதல் நான்கும் கடைசி ஆளாக.

கடைசியில் வருபவரை ஸ்வீப் என்கிறோம். அவருக்குப் பின்னால் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. யார் நின்றாலும் அவரும் நிற்க வேண்டும். இந்த வேலையை முதலில் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான் நடத்த ஆரம்பித்த புதிதில், ஜவ்வாது மலையில் பதினோரு பேரோடு போய்க்கொண்டிருந்தேன். ஒரு பிரிவில் நாங்கள் இடது பக்கம் திரும்பினோம். செருப்பு வாரை மாட்டிக்கொள்ள நின்ற ஒரு தம்பி, நாங்கள் திரும்பியதைப் பார்க்கவில்லை. நேராகப் போய்விட்டான். இறக்கம் வேறு. ஒன்பது கிலோமீட்டர் இறங்கிய பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. சிக்னல் இல்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது. அன்றைக்குக் கடைசியில் வர வேண்டியவர், ஒரு மேட்டில் உற்சாகம் வந்து முன்னால் வந்துவிட்டிருந்தார். நானோ எண்ணிப் பார்க்காமல் அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். சாமை வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பைக்கில் வந்த தன் மகனிடம் சொல்லி எங்களுக்கு ஆள் அனுப்பினார். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

அதிலிருந்துதான் இந்த வரிசை வந்தது. நான்கு ரைடு ஸ்வீப்பாக வரும்போது, முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாத குழு ஒன்று உங்கள் கண்ணில் படும். யார் மேட்டில் பேச்சை நிறுத்துகிறார், யார் இறக்கத்தில் பயப்படுகிறார், யார் கூச்சத்தில் 'பரவாயில்லை' என்று சொல்லிக்கொண்டே தளர்கிறார் என்றெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். அப்புறம் இரண்டு ரைடு வழி பார்ப்பவராக. வரைபடமும் நேரக் கணக்கும் உங்கள் பொறுப்பு. கடைசி இரண்டில் நீங்கள் நடத்துவீர்கள். பழைய ஆள் ஒருவர் கூட வருவார், ஆபத்து என்றால் ஒழிய வாயே திறக்க மாட்டார். முடிந்ததும் இருவரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசுவீர்கள். அந்தப் பேச்சை வீட்டுக்குப் போய் போனில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பாதி மறந்துவிடும்.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் எட்டுப் பேர். பன்னிரண்டுக்கு மேல் என்னால் முகங்களை நினைவில் வைக்க முடிவதில்லை. இருபது பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, அரை மணி இடைவெளி விட்டு அனுப்புவோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முன்னும் பின்னும் ஆள் வேண்டும்.

எல்லோருக்கும் கிளம்பும்போதே ஒரு எண் கொடுத்துவிடுங்கள். நிற்கும் இடமெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவரே சத்தமாகச் சொல்லட்டும். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்று முதல் தடவை சிரிப்பார்கள். மூன்றாவது இடத்தில் பழகிவிடும்.

வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது? கூகுள் மேப் போதுமா?

போதாது. அது வழி காட்டும், வழியின் நிலைமையைக் காட்டாது. நடத்தப்போகிறவர் குறைந்தது ஒரு தடவையாவது அந்த வழியில் முன்கூட்டியே போய் வந்திருக்க வேண்டும். சைக்கிளில் முடியாவிட்டால் பைக்கில். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

போகும்போது பார்க்க வேண்டியவை நிறைய. எந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை காலை திறந்திருக்கும்? அடிபம்பு எங்கே, அதில் தண்ணீர் வருகிறதா? எந்த வளைவில் சிக்னல் திரும்ப வருகிறது? ஆரம்ப சுகாதார நிலையம் எந்த ஊரில்? எங்கே ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள்? ஒரு நோட்டில் கிலோமீட்டர் போட்டு எழுதுங்கள். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு தாளிலும் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி ஸ்வீப்பிடம் ஒன்று கொடுங்கள். போன் நனையும், விழும், சார்ஜ் இறங்கும். தாளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஏற்றத்தைக் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடாதீர்கள். ஏலகிரிக்கு 14, ஏற்காட்டுக்குச் சேலம் பக்கமிருந்து 20, கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70. எழுபது என்றதும் பயம் வரும். ஆனால் காலுக்குத் தெரிவது வளைவு இல்லை, சரிவு. 10 கி.மீ. தூரத்தில் 600 மீட்டர் ஏறினால் சராசரி 6 சதவீதம். புதியவர் அதில் மணிக்கு 7 கி.மீ. போவார். நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். நேரக் கணக்கை எப்போதும் கடைசி ஆளின் வேகத்தில் போடுங்கள். சமதரையில் 15, மேட்டில் 7, மணிக்கு ஒரு தடவை பத்து நிமிட நிறுத்தம், இரண்டு பஞ்சருக்கு ஒரு மணி நேரம். இதெல்லாம் போட்ட பிறகும் இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அடிவாரத்துக்கு வர முடியவில்லை என்றால் வழியைச் சுருக்குங்கள். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளம்பும் முன் என்ன சொல்ல வேண்டும்?

ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே போகிறோம், எங்கெங்கே நிற்போம், பிரிவில் என்ன செய்வோம், வழி தவறினால் என்ன செய்ய வேண்டும். கடைசிக்குப் பதில் எளிது: நின்ற இடத்திலேயே நில்லுங்கள், தேடிக்கொண்டு போகாதீர்கள்.

பேச்சை விட முக்கியம் சைக்கிளைத் தொட்டுப் பார்ப்பது. முன் பிரேக்கைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள், பின் பிரேக்கைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். டயர் காற்று, சக்கரத்தை இறுக்கும் க்விக் ரிலீஸ் நெம்புகோல், ஹேண்டில் ஆட்டம். பிரேக் கட்டை தேய்ந்த சைக்கிளோடு வந்தவரை மலை ஏற விடக் கூடாது. அவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி. ஹெல்மெட் இல்லாதவருக்கும் இதே பதில்தான்.

இன்னொன்றையும் தனியாக, காதோடு கேளுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, ஒவ்வாமை ஏதாவது உண்டா, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது? கூட்டத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

பிரிவுகளில் ஆளைத் தவறவிடாமல் இருப்பது எப்படி?

ஒவ்வொரு பிரிவிலும் உங்களுக்கு அடுத்து வருபவரை நிறுத்துங்கள். அவர் அங்கேயே நின்று எல்லோரையும் சரியான பக்கம் திருப்பி அனுப்புவார். ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்த ஆள். இது நன்றாக வேலை செய்ய இரண்டு விதி. நிறுத்தப்பட்டவர் ஸ்வீப்பைக் கண்ணால் பார்க்கும்வரை அசையக் கூடாது. ஸ்வீப் தெரிகிற மாதிரி ஒரு நிறம் அணிந்திருக்க வேண்டும். நாங்கள் ஆரஞ்சு மேலாடை வைத்திருக்கிறோம்.

மேட்டில் எல்லோரும் சேர்ந்து ஓட்ட வேண்டுமா?

வேண்டாம். மேட்டில் அவரவர் வேகம்தான் அவரவருக்குச் சுலபம். சேர்த்து ஓட்டச் சொன்னால் வேகமானவருக்கு முழங்கால் வலிக்கும், மெதுவானவருக்கு மூச்சு வாங்கும். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒரு இடம் சொல்லி, அங்கே நிழலில் கூடுங்கள். கடைசியாக வந்தவர் இறங்கியதும் மற்றவர்கள் கிளம்பிவிடுவது நம் குழுக்களில் ஒரு கெட்ட பழக்கம். அதிகம் ஓய்வு தேவைப்படுகிற ஆளுக்குத்தான் அப்படி ஓய்வே கிடைக்காமல் போகிறது. அவர் வந்து சேர்ந்த நேரத்திலிருந்துதான் பத்து நிமிடம் எண்ண வேண்டும்.

"முடியலையா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். ஆமாம் என்று நம் ஆட்கள் சொல்லவே மாட்டார்கள். "பாட்டிலைக் காட்டுங்க, எவ்வளவு மிச்சம் இருக்கு? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பாட்டில் நிறைந்திருந்தால் ஒரு மணி நேரமாக அவர் குடிக்கவில்லை என்று அர்த்தம். வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை தேவைப்படும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காமல் நடுநடுவே உப்பும் போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட மோரும் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் எங்களுக்குச் சக்தி தரும் எந்த ஜெல் பாக்கெட்டுக்கும் குறைந்ததல்ல.

இறக்கத்தில்தான் எனக்குப் பயம். எப்படி நடத்துவது?

பயம் நியாயமானது. நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை இறக்கத்தில்தான், அதுவும் ஏறி முடித்த சந்தோஷத்தில் இறங்கிய முதல் சில கிலோமீட்டருக்குள்.

உச்சியிலேயே நிறுத்தி மறுபடி பிரேக் பாருங்கள். இறக்கத்தில் நீங்கள்தான் முதலில் போக வேண்டும், உங்களை யாரும் முந்தக் கூடாது. ஒவ்வொருவருக்கும் நடுவில் பத்து விநாடி இடைவெளி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போன பிறகு அழுத்தினால் சக்கரம் சறுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு. தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூடும், கனமானவர்களுக்கு இது இன்னும் அதிகம். மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கும்.

கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பஸ்ஸுக்கு முழு ரோடும் வேண்டும். ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது சட்டத்திலும் இருக்கிறது. ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். இயர்போன் போட்டவரைக் கண்டால் கழற்றச் சொல்லுங்கள். பயப்படுபவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம், ஸ்வீப்பும் கூடவே நடப்பார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை உச்சியிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

என்னென்ன கருவிகள் எடுத்துக்கொள்வது?

ஒவ்வொருவரிடமும் தன் டயருக்குப் பொருந்தும் டியூப் இரண்டு இருக்க வேண்டும். இன்னொருவருடைய டியூப் பெரும்பாலும் பொருந்தாது, ஒருவர் டயர் அளவு 700-க்கு 28, இன்னொருவருடையது 27.5 அங்குலம். குழுவுக்குப் பொதுவாகப் பம்ப், டயர் லீவர், பேட்ச், ஆலன் கீ, செயின் கட்டர், செயின் அகலத்துக்கேற்ற இணைப்புக் கண்ணிகள், பிரேக் ஒயர், கேபிள் டை, கொஞ்சம் டேப். கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்று. இவை ஸ்வீப்பின் பையில் இருக்க வேண்டும், உங்கள் பையில் அல்ல. சைக்கிள் கெட்டுப்போனவர் எப்போதும் உங்களுக்குப் பின்னால்தான் இருப்பார்.

யாராவது விழுந்துவிட்டால் முதலில் என்ன?

முதலில் ரோடு. மேலிருந்து வரும் வண்டியை நிறுத்த ஒருவரை வளைவுக்கு மேலேயும், இன்னொருவரைக் கீழேயும் அனுப்புங்கள். ஒரு விபத்தைச் சுற்றிக் கூட்டமாக நிற்பது இரண்டாவது விபத்துக்கு வழி.

அப்புறம் விழுந்தவர். பேசுகிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் எங்கே? கழுத்து வலி என்றால் அசைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தோளையும் கழுத்தையும் ஒட்டிய காறை எலும்பு ஒடிவது சைக்கிளில் அடிக்கடி நடப்பது, துண்டால் கையைத் தொங்கலாகக் கட்டிவிடலாம். தலையில் அடிபட்டவர் 'நான் நல்லாத்தான் இருக்கேன்' என்றாலும் அன்றைக்கு அவர் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. கேட்டதையே திரும்பக் கேட்டால், வாந்தி எடுத்தால், தூக்கம் வருகிறது என்றால் உடனே மருத்துவமனை.

மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றி. 108-ல் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், கடைசியாகத் தாண்டிய ஊர், எந்தப் பக்கமிருந்து ஏறினோம் என்பதைச் சொல்லுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புங்கள், தனியாக ஒருவரை அல்ல. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பதற்றத்தில் மறந்துவிடும். வழியில் போகும் வண்டிக்காரர் போலீஸ் தொல்லை வருமோ என்று தயங்கினால், உதவி செய்பவரைப் பாதுகாக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருப்பதைச் சொல்லுங்கள்.

வெயில் தாக்கம் விழுதலைவிடச் சத்தமில்லாமல் வரும். உளறுகிறார், தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பாம்புக் கடியென்றால் கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் தூக்கிப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அதனால் பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடிக்கவோ நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காட்டுக்குள் மண் பாதையில் போகலாமா?

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே விதிகளை வகுத்தது. நாம் சக்கரத்தில் போகிறோம் என்பதால் தீ விலகிப் போகாது. மாசியிலிருந்து சித்திரைவரை காய்ந்த புல் சரிவுகள் இருக்கும் வழியையே நாங்கள் எடுப்பதில்லை.

யானை நடமாடும் ரோடுகளுக்குப் புதிதாக நடத்துபவர் போகவே வேண்டாம். 27 வளைவு கொண்ட திம்பம் மலைப்பாதை, ஆழியாறிலிருந்து 40 வளைவு ஏறும் வால்பாறை ரோடு இரண்டும் புலிகள் காப்பகங்களுக்குள் போகின்றன. சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. நீங்கள் வருவது யானைக்குத் தெரியாது, வளைவு திரும்பினால் நேருக்கு நேர்தான். தூரத்தில் கண்டால் நின்று, திரும்பி, ஒரு பஸ் வரும்வரை காத்திருங்கள். செல்ஃபி எடுக்க நின்றவரை அடுத்த ரைடுக்கு நான் கூப்பிடுவதில்லை.

குரங்குக்குத் தீனி போடாதீர்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். மலைத்தேனீ கூட்டின் கீழே நிற்கவே நிற்காதீர்கள்.

பெண்கள் வரும் குழுவில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

கழிப்பறை. ஆண்கள் வழி பார்க்கப் போகும்போது இது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறார்கள், அது வெயிலில் ஆபத்து. பெட்ரோல் பங்க், சுகாதார நிலையம், தெரிந்த கடைக்காரர் வீடு என்று இடம் பார்த்து வைத்து, கிளம்பும்போதே எத்தனையாவது கிலோமீட்டரில் என்று அறிவித்துவிடுங்கள். பெண்களே ஸ்வீப்பாகவும் லீடாகவும் வர வேண்டும். எங்கள் குழுவில் ஒரு அக்கா நடத்த ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பட்டியலே ஒழுங்காக வந்தது.

மலை ஊர்களில் எப்படி நடந்துகொள்வது?

ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் மலையாளி பழங்குடி மக்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் நாம் போகிறோம். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள். களத்தில் சாமை காய்ந்தால் சக்கரம் ஏற்றாமல் இறங்கிச் சுற்றிப் போங்கள். சாப்பாட்டை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே, முந்தின நாள் சொல்லி வைத்துச் சாப்பிடுங்கள். பத்துப் பேர் திடீரென்று போய் நின்றால் ஒரு சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? தேன், பலா, சாமை அரிசி அவரவர் பையில் இடமிருக்கும் அளவு வாங்குங்கள். ஜெல் பாக்கெட் கிழித்த துண்டுகூட நம் பையிலேயே கீழே வர வேண்டும்.

ஒருநாள் உங்களுக்கு உதவி தேவைப்படும்போது வரப்போகிறவர்களும் இவர்கள்தான்.

எப்போது திரும்பிவிட வேண்டும்?

முன்கூட்டியே ஒரு நேரம் குறித்துவிடுங்கள். பதினொரு மணிக்கு உச்சியைத் தொடாவிட்டால் எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். மலையில் நின்று முடிவெடுக்கப் போனால், 'இன்னும் ரெண்டு வளைவுதான்' என்று யாராவது சொல்வார்கள். நமக்கும் அதைத்தான் கேட்க ஆசையாக இருக்கும்.

ஒரு ஐப்பசியில் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் பக்கம் இறங்க வேண்டும். இரண்டு மணிக்கே மேகம் கருத்து, இடி கேட்டது. பத்துப் பேரில் ஆறு பேர் இறங்கிவிடலாம் என்றார்கள். நான் இரண்டு குட்டியானை வண்டி பேசி, சைக்கிள்களை ஏற்றி, எல்லோரையும் கீழே கொண்டுவந்தேன். கீழே வரும்வரை ஒரு சொட்டு மழை இல்லை. சிலருக்கு வருத்தம், ஒருவர் நேராகவே சொன்னார். மறுபடி அதே மேகத்தைப் பார்த்தாலும் அதைத்தான் செய்வேன். வண்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் எண்ணும், அதற்கான பணமும் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். ரொக்கமாக. மேலே க்யூஆர் கோடு வேலை செய்யும் என்று நம்பாதீர்கள்.

பணம் வாங்கலாமா?

சாப்பாடு, வண்டிச் செலவைப் பங்கு போடுவது சரி. லாபத்துக்கு நடத்துவதென்றால் அது தொழில். காப்பீடு, பதிவு எல்லாம் முறையாகச் செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

முதல் தடவை தனியாக நடத்த எந்த வழி நல்லது?

ஏலகிரி. அடிவாரத்தில் உள்ள பொன்னேரியிலிருந்து ஏறத் தொடங்கலாம். மேலே ஊர் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதினான்கு வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் 'பாரி வளைவில் கூடுவோம்' என்று சொல்லிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். ரோடு நன்றாக இருக்கிறது, பிரிவுகள் குறைவு, உதவி பக்கத்தில் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் கார் கூட்டம் அதிகம் என்பதால் விடிகாலையிலேயே ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

ஆறு பேரை மட்டும் கூட்டிப் போங்கள். அதில் இரண்டு பேர் உங்களைவிட மெதுவாக ஓட்டுபவர்களாக இருக்கட்டும். போகிற தேதியையும், கீழே இறங்கிவிடும் நேரத்தையும் எனக்கோ குழுவில் வேறு யாருக்காவதோ சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி ஆள் பொன்னேரி வந்து சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்கள். அதுவரை போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.